நான் கழற்றிய இரண்டு பட்டைகள்

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பித்தால், 'ம், இருக்கேம்ப்பா' என்று நீ சொல்வது எழுதும்போதே காதில் விழுகிறது. அதனால் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நாம் போனில் பேசுகிற பேச்சு எனக்கு மனப்பாடம். சாப்டிங்களாப்பா, மாத்திரை போட்டிங்களா, அங்க மழை உண்டா, சரி வெச்சிடறேன். ஆறு வருஷமாக அந்த நாலு வாக்கியம்தான். போன மாதம் ஒரு ஞாயிறு மட்டும் கூடவே இன்னும் கொஞ்சம் பேசினாய். "கனடாவுல வேலை கெடச்சிருக்குப்பா. மூணு பேரும் போறோம். போறதுக்கு முன்னாடி ஒருநாள் வந்து பாத்துட்டுப் போயிடறோம்" என்றாய். திருச்சியில் கார் எடுத்துக்கொண்டு வருவீர்கள் என்றும், நான் ஒரு ஏற்பாடும் செய்ய வேண்டாம் என்றும் சொன்னாய். வைக்கப் போகிற நேரத்தில், "அந்த ஜீப்ப எடைக்குப் போட்டுடுங்கப்பா, கொட்டாய்ல பாத்தாலே என்னமோ மாதிரி இருக்கு" என்றாய். ஆறு வருஷத்தில் ஜீப்பைப் பற்றி உன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. பழைய ஆளாக இருந்திருந்தால் அங்கேயே ஒரு சத்தம் போட்டிருப்பேன். இப்போது சத்தம் போட்டால் கேட்பதற்கு வீட்டில் சுவர்தான் இருக்கிறது. 'சரிப்பா' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஜீப்பை எடைக்குப் போடவில்லை. ஏன் போடவில்லை, அதன் அடியிலிருந்து என்ன வெளியே வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். போனில் சொல்ல எனக்கு வராது. பாதியில் நீ 'விடுங்கப்பா' என்பாய், நானும் அதுதான் சாக்கென்று விட்டுவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். நீ வருவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். வந்து படித்த பிறகு நீ வரலாமா வேண்டாமா என்று யோசித்தாலும் யோசி. தெரிந்துகொண்டு யோசி, அவ்வளவுதான்.

அந்த ஜீப் எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று நீ சின்னவனாக இருந்தபோது கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த காலத்தில் பச்சைமலை அடிவாரம் வரை நான் டாக்டரோடு ஏறிப்போன அதே வண்டி. கழித்துப் போட்டார்கள், ஏலத்தில் எடுத்தேன். உன் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாட்டு வாடையோட ஒரு வண்டி, மனுச வாடையோட ஒரு புருசன், ரெண்டையும் நாந்தான் கழுவணும்" என்றாள். சொன்னாளே தவிர, குரும்பலூரில் ஜீப் வைத்திருக்கிற வீடு என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்கும் பெருமைதான். அம்மா போன பிறகு நான் அதை அதிகம் எடுக்கவில்லை. அடியில் இருக்கிற வில் பட்டை நடுரோட்டில் ஒடிந்த இடத்தில் யாரோ ஒரு பழைய பட்டையை மாட்டிக் கொடுத்தார்கள், அப்படியே கொண்டுவந்து கொட்டகையில் விட்டேன். முன்பக்கம் நிமிர்ந்து, பின்பக்கம் தாழ்ந்து, உட்கார்ந்த நாய் மாதிரி ஆறு வருஷமாக அது வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தது. நானும் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பொழுது போக வேண்டுமே.

நீ கனடா என்றதும் எனக்கு ஒரு ஆசை வந்தது. நீங்கள் வாடகைக் காரில் வந்து, வாடகைக் காரில் போய்விடக் கூடாது, என் வண்டியில் ஏற வேண்டும் என்ற ஆசை. பேத்தியை ஒரே ஒரு தடவை ஜீப்பில் உட்கார வைத்து ஓட்ட வேண்டும். பின்பக்கம் தாழ்ந்த வண்டியில் பிள்ளையை எப்படி ஏற்றுவது? அதனால் முக்கி முனகி அதைக் கிளப்பி, ஓரமாகவே ஊர்ந்து, துறையூர் ரோட்டில் பெரம்பலூர் டவுனுக்குள் நுழைகிற இடத்தில் இருக்கிற காதர் பாய் பட்டறைக்குக் கொண்டு போனேன். உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும் அவருக்கு. லாரிக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் பட்டை மாற்றுகிறவர். குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்கய்யா, பழசையே நெருப்புல போட்டு வளைவு அடிச்சிக் குடுத்துடறேனே, எதுக்குப் புதுசு?" என்றார். "எம் மவன் வர்றான் பாய். பேத்தியும் வர்றா" என்றேன். "அப்ப புதுசுதான். ரெண்டு பக்கமும் போட்டுடுவோம். ஒரு பக்கம் மட்டும் போட்டா வண்டி சாஞ்சிக்கும்" என்று உடனே ஒப்புக்கொண்டார்.

ஜீப்பின் பின்பக்கம் எதன் மேல் நிற்கிறது என்று உனக்குத் தெரியும். வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகள், பெரியது மேலே, சிறியது கீழே என்று அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டு, அச்சோடு சேர்த்து யூ போல்ட்டால் இறுக்கியிருக்கும். வண்டியின் பாரம் முழுவதும் அந்த அடுக்கின் மேல்தான். பாய் வண்டியைத் தூக்கிக் கட்டை கொடுத்து, சக்கரத்தை எடுத்துவிட்டு, நட்டு நட்டாக மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். துரு அப்படி. இரண்டு வந்தது, மற்றதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அடியிலிருந்து குரல் வந்தது. "அய்யா, இதப் பாருங்க. நட்டுக்கு மேல மூணு மூணு வாஷர அடுக்கி வெச்சிருக்கான் ஒருத்தன். அடுக்கு கனம் கொறஞ்சி மரை பத்தாம இல்ல போட்டிருக்கான்?" பட்டைகளைத் தட்டித் தட்டி எண்ணினார். பிறகு, "ஆறுதான் இருக்கு. ஏழு இருக்கணும். அந்தப் பக்கமும் ஆறு. எவனோ புண்ணியவான் ரெண்டு பக்கமும் ஒரு ஒரு பட்டையக் கழட்டிட்டான். இதுல லோடு ஏத்துனா உக்காராம என்ன பண்ணும்? ஒடியாம என்ன பண்ணும்?" என்றார். சொல்லிக்கொண்டே வாஷர்களை என் கையில் போட்டார்.

கனமான வாஷர்கள். கிணற்று மோட்டாரை மாற்றியபோது மிஞ்சியவை. போல்ட்டில் இறங்கவில்லை என்று நானே அரம் போட்டு ராவிய தடம் உள்வட்டத்தில் அப்படியே இருந்தது. என் கைவேலை எனக்குத் தெரியாதா? "அந்தப் புண்ணியவான் நாந்தான் பாய்" என்றேன். அவர் வெளியே தலை நீட்டிச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "டீ ஆறிப்போச்சு பாருங்க, வேற சொல்லவா?" என்று கேட்டார். நான் எழுந்து ரோட்டோரம் போய் நின்றேன். பஸ் வந்ததும் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

நீ சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தபோது அம்மாவுக்கு முதுகுத் தட்டு நகர்ந்து வலி வந்ததே, நினைவிருக்கிறதா? பதினைந்து நாளைக்கு ஒருமுறை திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். வெறும் ஜீப் எப்படித் தூக்கிப் போடும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அம்மா ஒருநாளும் வாய்விட்டு முனகியதில்லை. முன்னால் இருக்கிற கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருப்பாள், பள்ளம் வரும்போதெல்லாம் அந்த விரல்கள் வெளுத்துப் போகும். எனக்கு ரோடு தெரியாது, அந்த விரல்தான் தெரியும். ஒரு பட்டையை எடுத்துவிட்டால் அடுக்கு இளகி, வண்டி மெத்தென்று போகும் என்று எங்கோ கேட்டிருந்தேன். எல்லாவற்றையும் நானே செய்கிறவன் இல்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகையில் படுத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றை உருவினேன். அவள் முக்காலி போட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். "பின்னால உக்காந்துக்கப் போவுதுங்க. தெரிஞ்சவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணுங்களேன்" என்றாள். "எனக்குத் தெரியாததா? ஒனக்கு நல்லா ஆனதும் திரும்ப மாட்டிக்கலாம்" என்றேன். அடுத்த தடவை திருச்சி போகும்போது சிறுவாச்சூர் தாண்டியதும், "மெத்துன்னு இருக்குங்க" என்றாள். தம்பி, என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கொடுத்ததில்லை.

அவளுக்கு வலி குறைந்தது. நான் பட்டையைத் திரும்ப மாட்டவில்லை. மாட்ட முடியாது, பட்டை இல்லை. உடையார்பாளையத்தில் உன் மாமா வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, பட்டை இரும்பு மாதிரி இரும்பு கிடைக்காது என்று அதை எடுத்துக்கொண்டு போய், அங்கே கொல்லனிடம் ஒன்றை முந்திரிக் காட்டுக்கு அரிவாளாக அடித்து மாமாவிடம் கொடுத்தேன். இன்னொன்றில் உன் அம்மாவுக்கு அரிவாள்மணை அடித்துக்கொண்டு வந்தேன். "வண்டிக்கு வேணும்ன்னீங்களே" என்றாள். "வண்டி நல்லாத்தானே போவுது" என்றேன். பிறகு என்னைச் சீண்ட வேண்டும் என்றால், வெங்காயம் நறுக்கும்போது, "இந்த ஊர்ல ஜீப்புல வெங்காயம் நறுக்குறவ நான் ஒருத்திதான்" என்பாள். என்னிடம்தான் சொன்னாள். உன்னிடமும் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால், அம்மாவின் காரியத்தன்று பந்தலில் நான் உன் மேல் பழி போட்டபோது நீ வாயைத் திறக்காமல் நின்றதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வரும்போது இந்த ஒன்றை மட்டும் எனக்குச் சொல்.

பட்டறையிலிருந்து வந்த அன்று நேராக அடுப்படிக்குப் போனேன். அரிவாள்மணை அதன் மூலையில் இருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். அலகு பலகைக்குள் இறங்குகிற இடத்தில், நடு போல்ட்டுக்காகப் போட்ட துளையின் பாதி இன்னும் இருக்கிறது. ஆறு வருஷமாக ஒற்றை ஆளுக்குச் சமைக்கிறேன். தினமும் அதன் மேல் ஒரு காலை மடித்து உட்கார்ந்து நாலு சின்ன வெங்காயம் நறுக்குகிறேன். நறுக்கிக்கொண்டே, உன்னால்தான் வண்டி ஒடிந்தது என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். மறந்துவிட்டேனா என்று நீ கேட்டால் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்வேன். ஆனால் தினம் கையில் எடுக்கிற சாமானை ஒருவன் எப்படி மறப்பான்? எனக்கே விளங்கவில்லை. அன்று வெங்காயம் இல்லாமல் ரசம் மட்டும் வைத்துச் சாப்பிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையை உனக்கு நான் சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும், என் வாயால் இதுவரை நேராகச் சொன்னதில்லை. அதற்கு முந்தின வாரம் நீ சின்ன வெங்காயம் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனாய். பத்து மூட்டை ஏற்று என்றேன், நீ பதினாலு ஏற்றினாய். ஏழு பட்டை இருந்திருந்தால் பதினாலு மூட்டை அந்த வண்டிக்கு ஒன்றுமே இல்லை. அன்றைக்கே பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று உன்னைத் திட்டினேன். வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, வேர்த்துக் கொட்டியது. "பெரம்பலூர்லயே மொதல்ல காட்டிட்டுப் போவோம்ப்பா" என்றாய். அவளை வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் திருச்சியில் இருக்கும்போது எதற்கு என்று நான் ஜீப்பைக் கிளப்பினேன். சிறுவாச்சூர் தாண்டவில்லை. கீழே ஒரு வெடிச் சத்தம். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. இடது பக்கத்துப் பெரிய பட்டை ஒடிந்து, அச்சு பின்னால் நகர்ந்து, சக்கரம் தகரத்தில் உரசியது.

அங்கேயே நீ சொன்னாய். "அப்பா, வேற வண்டிய நிறுத்தறேன். நீங்க அம்மாவப் பாருங்க." நான் என்ன சொன்னேன்? "நீ பேசாத. நீ பண்ண வேலைதான் இது" என்று சொல்லிவிட்டு ஜாக்கியை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். சங்கிலி போட்டுக் கட்டி ஓட்டிவிடலாம் என்று முக்கால் மணி நேரம் அங்கே கிடந்தேன். கோவிலுக்கு வந்த கூட்டம் சுற்றி நின்றது. எலுமிச்சை மாலை விற்கிற அம்மா ஒருத்தி தன் கடைச் சாக்கை எடுத்து வந்து உன் அம்மாவுக்கு வெயில் மறைத்துப் பிடித்தாள், இன்னொரு கையால் விசிறினாள். அந்த அம்மாவின் கால் மட்டும் எனக்கு அடியிலிருந்து தெரிந்தது. கடைசியில் என்னைக் கேட்காமலேயே ஒரு மினி வேனை நிறுத்தி, நீயே அவளைத் தூக்கி ஏற்றினாய். ஏறும்போது அவள் என்னைப் பார்த்து, "அவன ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். என்னிடம் அவள் முழுசாகப் பேசிய கடைசி வாக்கியம் அது. இரண்டாம் நாள் போய்விட்டாள்.

அந்த ஒரு வாக்கியத்தைக்கூட நான் காப்பாற்றவில்லை. பதினாறாம் நாள் பந்தலில் உன் மாமா, "வழியில என்னதான் ஆச்சு மாப்ள?" என்று கேட்டார். சொந்தக்காரர்கள் எல்லாம் இலை முன்னால் உட்கார்ந்து காத்திருந்தார்கள். நீ மொட்டைத் தலையோடு, தோளில் ஈரத் துண்டோடு, தட்டில் தண்ணீர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வந்தாய். உன்னைக் கைகாட்டி, "இவன் வெங்காயத்த ஏத்திப் பட்டைய ஒடச்சான். அவ ரோட்டுல கெடந்தா. இவந்தான் அவள கொன்னான்" என்றேன். நீ கையிலிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எல்லோர் இலைப் பக்கத்திலும் வைத்து முடித்தாய். வைத்துவிட்டு உள்ளே போனாய். அடுத்த வாரம் வேலை கிடைத்தது என்று புனேவுக்குப் போனாய். அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு ராத்திரிகூட நீ தங்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. திருச்சி ஆஸ்பத்திரியில் முதல் நாளே டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு, "இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல பெரியவரே. ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தாலும் இதே நிலைமைதான்" என்றார். கேட்டேன், தலையாட்டினேன், வெளியே வந்தேன். நீ பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "என்னப்பா சொன்னாரு?" என்றாய். "ஒண்ணுமில்ல" என்றேன். பழி போட எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, தம்பி. என் மேல் போட்டுக்கொள்ளத் தைரியம் இல்லை, சாமி மேல் போட்டால் சாமி திரும்பிப் பார்க்காது. பக்கத்தில் நீதான் இருந்தாய். அம்மா சாவுக்கு நீ காரணம் இல்லை. வண்டி ஒடிந்ததற்கும் நீ காரணம் இல்லை. ஒடிந்த வண்டிக்கடியில் முக்கால் மணி நேரம் படுத்துக் கிடந்ததும் நீ இல்லை. இதை ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெஞ்சிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

உனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அப்பன் என்கிற முறையில் உனக்கு ஏதாவது புத்தி சொல்ல எனக்கு இன்னும் யோக்கியதை இருந்தால், இரண்டு விஷயம் சொல்கிறேன். இல்லை என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடு. துக்கம் வரும்போது பிள்ளையின் பக்கத்தில் உட்காரு, வாயை மட்டும் மூடிக்கொள். அப்போது வருகிற பேச்சு எதுவும் நம்முடையது இல்லை, ஆனால் கேட்கிறவர்கள் அது நம்முடையது என்றே வைத்துக்கொள்வார்கள். இன்னொன்று, எனக்குத் தெரியாததா என்று கேட்பதை விட்டுவிடு. என் ஆயுசில் அந்த ஒரு கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பதில் சொல்ல ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் பேசாமல் போய்விட்டார்கள்.

நாலு நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனேன். பாய் புது அடுக்கைப் பூட்டி, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கிவிட்டிருந்தார். இரண்டு முனையிலும் இருக்கிற நட்டை மட்டும் இறுக்காமல் விட்டு வைத்திருந்தார். "ஏன் பாய், மறந்துட்டிங்களா?" என்றேன். "தூக்கி வெச்சே இறுக்குனா உள்ள இருக்கற ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டுப் பிஞ்சிடும்ய்யா. வண்டி தன் வெயிட்டுல தரையில நிக்கணும், அப்புறந்தான் இறுக்கணும்" என்றார். இதுவும் எனக்குத் தெரியாது. தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னேன், அவருக்கே ஆச்சரியம். அந்தப் பழைய வாஷர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வண்டி இப்போது நிமிர்ந்து நிற்கிறது. நிமிர்ந்ததில் எனக்குத்தான் ஏற முடியவில்லை, முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. அம்மா உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த அதே முக்காலியைப் போட்டுத்தான் ஏறுகிறேன். ஏறிய பிறகு முக்காலியை எடுத்து உள்ளே வைக்க யாரும் இல்லை, அதனால் அதில் ஒரு கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்கிறேன். நீ பார்த்தால் சிரிப்பாய்.

முதலில் எங்கே போனேன் தெரியுமா? உடையார்பாளையத்துக்கு. அத்தனை பேர் முன்னால் சொன்ன பொய்யை அத்தனை பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று தோன்றியது. புதுப் பட்டை, ஆளில்லாத வண்டி, தூக்கித் தூக்கிப் போட்டது. வெறுமனே ஓட்டாதீர்கள், இரண்டு மூட்டையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று பாய் சொல்லியிருந்தார், அதனால் இரண்டு மூட்டை வெங்காயத்தைப் பின்னால் போட்டுக்கொண்டேன். அரியலூர் வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி. புழுதியில் கண் தெரியாமல், மூட்டையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனேன். பேசுவதற்கு ஆள் இல்லாமல் இரண்டு தடவை மூட்டையோடு பேசியும் விட்டேன்.

கிளம்புவதற்கு முன்பே போன் செய்திருந்ததால் மாமா நாலைந்து பேரைக் கூப்பிட்டு வைத்திருந்தார், ஏதோ நில விஷயம் என்று நினைத்துக்கொண்டு. காபி குடித்து முடித்ததும் எழுந்து நின்று சொன்னேன். பட்டையைக் கழற்றியது நான், பழியைப் பிள்ளை மேல் போட்டது நான், டாக்டர் சொன்னதை மறைத்ததும் நான். மாமா என்னையே பார்த்துவிட்டு, "எந்த ஜீப்பு மாப்ள?" என்றார். உன் அத்தை, "அன்னிக்கு வடை பத்தாமப் போச்சே, அதான் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். மற்றவர்களில் ஒருவருக்குக் காது கேட்கவில்லை. இன்னொருவர் அன்றைக்கு வரவே இல்லையாம். "துக்கத்துல ஏதோ சொல்லியிருப்பீங்க, அத யாரு மனசுல வெச்சிக்குவா, விடுங்க" என்றார் மாமா. திரும்பி வரும்போது ஒரு சாக்கு முந்திரிக்கொட்டை ஏற்றிவிட்டார். நான் கொடுத்த அரிவாளைக் கேட்டேன், எப்போதோ தொலைந்துவிட்டதாம்.

அன்று ஒரு விஷயம் புரிந்தது. அந்தப் பேச்சு ஊரில் எங்கேயும் இல்லை. ஒருத்தர் மனதிலும் இல்லை. அது உன்னிடம் இருக்கிறது, என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். நான் பந்தலைக் கூட்டிச் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும். இதோ சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். மன்னித்துவிடு, சாமி.

இப்போது வண்டி விஷயம். முடிந்தால் திருச்சியில் கார் எடுக்காதே. பஸ்ஸில் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிடுங்கள், நான் வெளியே ஜீப்போடு நிற்பேன். அந்த வண்டியில் ஏற உனக்கு மனம் வரவில்லை என்றால் அதுவும் எனக்குப் புரியும். காரிலேயே வா, நான் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வருகிறேன். அரிவாள்மணையை என்ன செய்வது என்று நீ சொல். அதுவரை அதைத் தொடுவதாக இல்லை, கத்தியில்தான் நறுக்குகிறேன், விரலெல்லாம் காயம்.

நேற்று பின்னால் கிடந்த மூட்டைகளை இறக்கிவிட்டேன். கழுவி, பின் சீட்டில் ஒரு போர்வை விரித்திருக்கிறேன். வெறும் வண்டி ரொம்ப உயரமாக நிற்கிறது. நீங்கள் மூன்று பேர் ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் இரண்டு விரற்கடை தாழும் என்று பாய் சொன்னார். வண்டி தாழ்ந்துவிட்டது என்று ஒருநாள் உன்னைத் திட்டினேனே, இப்போது அது தாழ்வதைப் பார்க்கத்தான் காத்திருக்கிறேன்.

அப்பா